பேரிகை இடம் மாறிய செய்தி

சகாயநாதனுக்கு இரண்டு வேலை. பகலில் ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். மாலையில் எல்லை டிவியில் ஏழரை மணிச் செய்தி வாசிப்பவர். தொழிற்சாலையில் அவர் கண்ணுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. முடியளவு கீறல் இருந்தால் போதும், பெட்டியைத் திறந்த கையோடு மூடித் திருப்பி அனுப்பிவிடுவார். "இதுவே போதும்னா போதும்தான், ஆனா சரி கிடையாது" என்பார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

எல்லை டிவி என்பது ஓசூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்துவந்த கேபிள் சேனல். கெலமங்கலம், பேரிகை, சூளகிரி தாண்டிக் குருபரப்பள்ளி வரைக்கும் அதற்கு வீடுகள் இருந்தன. தக்காளி விலை, மின்தடை, ராகிக் கொல்லையில் இறங்கிய யானை, நெடுஞ்சாலை விபத்து, கண்ணீர் அஞ்சலி. பதின்மூன்று வருடங்களாக இவற்றையெல்லாம் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு சகாயநாதன்தான் வாசித்தார். ஊரில் அவருக்கு 'ஏழரை சார்' என்று பெயர். நேரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் எல்லோரிடமும் விளக்குவார். வேறு மாதிரி சொன்னாலும், தான் கிறிஸ்தவன் என்பதால் சனி தன்னை ஒன்றும் செய்யாது என்பது அவர் எண்ணம்.

சேனலின் ஓனர் தமிழரசன் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"சார், இனிமே நாமளும் எச்.டி. கேமரா, லைட்டு, மிக்சர் எல்லாம் பெங்களூருல இருந்து வருது."

"இப்ப இருக்கறதுக்கு என்னங்க?"

"மழையில நனைஞ்ச போஸ்டர் மாதிரி இருக்குதுன்றாங்க சார். ஆளாளுக்குக் கதவு சைஸுக்கு டிவி வாங்கி மாட்டிக்கினு இருக்காங்க. அதுல நம்ம நியூஸப் போட்டா உங்களுக்கு மூக்கு எது வாய் எதுன்னு தெரியலையாம். செல்போன்ல நியூஸ் போடறவங்க எல்லாம் நம்மளவிடப் பளிச்சுனு போடறாங்க. நாம மட்டும் இப்படியே இருந்தா ஆறு மாசத்துல கடைய மூடணும்."

சகாயநாதன் டீயைக் குடித்துவிட்டுச் சரி என்றார். மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் இருந்ததில் இத்தனை வருடம் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

கேமரா வந்தது. அதை இயக்க பிரியதர்ஷினி என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். கிருஷ்ணகிரிக்காரி, விஸ்காம் படித்துவிட்டு இரண்டு வருடம் கல்யாண வீடுகளில் படம்பிடித்தவள். முதல்முறை ஒத்திகை பார்த்தபோது அவள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். பழைய படம் ஏறக்குறைய சதுரம், புதியது அகலம். சகாயநாதன் நடுவில் இருக்க, இடப்பக்கம் ஒரு துடைப்பமும் வலப்பக்கம் தமிழரசனின் சாப்பாட்டுப் பையும் செய்திக்குள் வந்துவிட்டன. துடைப்பத்தையும் பையையும் எடுத்தார்கள். பிறகு முகத்துக்கு வந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மீசையில வலது பக்கம் நாலு முடிக்கு டை படல."

"நாலா?"

"அஞ்சு சார்."

சகாயநாதன் மானிட்டருக்கு அருகில் போய்ப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருடம் கூடவே இருந்த முகம்தான். ஆனால் இவ்வளவு துல்லியமாக ஊர் பார்க்கும்படி அவர் அதை வெளியே அனுப்பியதில்லை. கன்னத்தில் சின்ன வயது அம்மைத் தழும்பு இரண்டு, மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய பள்ளம், நெற்றியில் எதற்கென்று தெரியாத ஒரு கோடு. இந்த முகம் ஒரு பெட்டியில் வந்திருந்தால் அவரே திருப்பி அனுப்பியிருப்பார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜெபசீலியிடம் சொன்னார். அவர் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே காதுகொடுத்தார்.

"எல்லாரும் பாப்பாங்களே ஜெபா. ஒவ்வொரு குழியும் தெரியுது."

"இருபத்தாறு வருஷமா நான் எச்.டி.லதான் பாத்துக்கிட்டு இருக்கேன். நான் என்ன ஓடியா போயிட்டேன்?"

அது ஆறுதலா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் அவராகவே ராயக்கோட்டைச் சாலையில் ஒரு அழகுநிலையத்துக்குப் போனார். வாசலில் 'எச்.டி. மணப்பெண் அலங்காரம்' என்று பலகை இருந்தது. எச்.டி. என்ற எழுத்தைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தார். கல்யாணப் பெண்கள் இரண்டு பேருக்கு நடுவில் அவரை உட்காரவைத்தார்கள். கடைக்காரி அனிதா, "பொண்ணு எங்க சார்?" என்று கேட்டாள். தனக்குத்தான் என்றார். கல்யாணப் பெண்களில் ஒருத்தி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "ஏழரை சார் தானே?" என்றாள். அதற்கப்புறம் அவரால் எழுந்து போகவும் முடியவில்லை.

ஆனால் அனிதா கெட்டிக்காரி. முகத்துக்கு எதைப் பூசுவது, எதைப் பூசக் கூடாது, மீசையை எப்படிக் கறுப்பாக்குவது எல்லாம் கற்றுக்கொடுத்தாள். ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. தமிழரசன், பிரியதர்ஷினி, கீழே மருந்துக்கடைக்காரர் எல்லோரும் வந்து சகாயநாதனின் முகத்தையே பார்த்தார்கள். குழி தெரியவில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த ஒரு வாரத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

பின்னால் இருந்தது வரைபடம். சேனல் ஆரம்பித்த நாளில் மாட்டிய ஃப்ளெக்ஸ். ஓசூரையும் சுற்றுப்புறத்து ஊர்களையும் பெயரோடு காட்டுவது. பழைய கேமராவில் அது பச்சையும் மஞ்சளுமாக ஒரு கறை. ஊர்ப் பெயர்கள் எறும்பு வரிசை போல இருக்கும்.

ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்து, ஒரு திங்கட்கிழமை ஏழரை மணிக்கு எச்.டி. செய்தி தொடங்கியது. சகாயநாதன் வணக்கம் சொல்லி நிமிர்ந்தார். முகத்தைப் பற்றித் தைரியமாக இருந்தார். கெலமங்கலம் சந்தையில் கொத்தமல்லி விலை, சூளகிரி அருகே லாரி கவிழ்ந்தது, மூன்று ஊர்களுக்கு மின்தடை. விளம்பர இடைவேளை வந்தபோது மேசை மேல் இருந்த சேனலின் போன் விடாமல் அடித்தது. முகத்தைப் பற்றித்தான் என்று நினைத்து அவரே எடுத்தார்.

"சார், நான் பேரிகையில இருந்து சிவராஜ் பேசறன். தக்காளி போட்டுருக்கன். நம்ம கேபிள்தான்."

"சொல்லுங்க சிவராஜ். படம் எப்படித் தெரியுது?"

"கண்ணாடி மாதிரி தெரியுது சார். நம்மளுது அம்பத்தஞ்சு இஞ்சு."

"முகம்?"

"மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. மாப்பிள்ளை கணக்கா இருக்கறீங்க. சார், எங்க ஊரு எப்ப கர்நாடகாவுக்குப் போச்சு?"

சகாயநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படி ஒரு செய்தி வரலையே" என்றார்.

"செய்தியில இல்ல சார். உங்க காதுக்குப் பக்கத்துல."

அவர் நாற்காலியைத் திருப்பி வரைபடத்தைப் பார்த்தார். வலது காதுக்கு நேராக, கொஞ்சம் மேலே, சிவப்புக் கோடு ஒன்று போனது. அது மாநில எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். அந்தப் பக்கத்தில், கோட்டை ஒட்டி, தடித்த எழுத்தில் பேரிகை என்று இருந்தது.

"சார்? லைன்ல இருக்கறீங்களா?" என்றது போன்.

அவர் போனைக் கீழே வைத்தார். அந்தக் கோட்டைப் போட்டது அவர்தான்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால், முதல் நாள் ஒளிபரப்புக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, தமிழரசன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அச்சடித்து வந்த ஃப்ளெக்ஸில் ஊர்கள் இருந்தன, சாலைகள் இருந்தன, எல்லைக்கோடு மட்டும் இல்லை. 'எல்லை டிவி'க்குப் பின்னால் எல்லை இல்லாத படம். சகாயநாதன்தான் நாற்காலி மேல் ஏறி, சிவப்பு மார்க்கரை வாங்கி, மனதில் இருந்த மாதிரி ஒரு இழுப்பு இழுத்தார். மேலே அத்திப்பள்ளிப் பக்கம் ஆரம்பித்து, வளைந்து, இறங்கி. "பின்னாடிதானே, யாருக்குத் தெரியப்போகுது" என்று அவரே சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

மீதிச் செய்தியை அவர் தலையை வலப்பக்கமாகச் சாய்த்தே வாசித்தார். பேரிகை மறையவில்லை. கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

மறுநாள் விடிவதற்குள் அந்தப் படம் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. யாரோ பேரிகையைச் சுற்றி வட்டம் போட்டு, 'ஏழரை மணிச் செய்தி: பேரிகைக்கு விடைகொடுத்தது தமிழ்நாடு' என்று எழுதியிருந்தார்கள். தொழிற்சாலைக்குப் போனால் அவர் மேசைக்கு முன்னால் ராஜேஷ்குமார் நின்றான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஆபரேட்டர். சகாயநாதன் அவன் பெட்டிகளைப் பலமுறை திருப்பியிருக்கிறார். கையில் ஒரு பீஸை வைத்துக்கொண்டு பவ்யமாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, இதுல அஞ்சு மைக்ரான் கூட இருக்கு. ரிஜெக்ட் போட்ருவமா, இல்ல கர்நாடகாவுக்கு அனுப்பிருவமா?"

லைன் முழுக்கச் சிரித்தது. சகாயநாதன் பீஸை வாங்கி, அளந்து, ரிஜெக்ட் பெட்டியில் போட்டார். அன்று மதியம் அவர் கேன்டீனுக்குப் போகவில்லை.

மாலை ஸ்டுடியோவுக்குப் போனபோது மருந்துக்கடை வாசலில் தக்காளி ஏற்றும் வேன் ஒன்று நின்றது. மாடியில் பேரிகைக்காரர்கள் பதினைந்து பேர். முன்னால் நின்றவர் சிவராஜ், வெள்ளைச் சட்டையில். அவருக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கெம்பம்மா என்று பெயர். மாலூர்ப் பக்கத்தில் பிறந்து பேரிகையில் வாழ்க்கைப்பட்டவர்.

"நோடு சாமி, இங்க பாரு" என்று ஆரம்பித்தார் கெம்பம்மா. "கர்நாடகாவுல இருந்து கட்டிக்கினு வந்து முப்பது வருஷமாச்சு. மாமியா திட்டினா, நாத்தனா திட்டினா, ஒரு நாளு அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போவல. நீ ஒரு கோட்டப் போட்டு, வீட்டோட சேத்து என்னைய அங்க அனுப்பிட்டியே!"

"அம்மா, தப்பு நடந்துபோச்சு..."

"தப்பு இல்லன்னா சொல்லிடு. அந்தப் பக்கம் பொம்பளைங்களுக்கு அரசாங்கத்துல மாசப் பணம் இங்கத்திய விடக் கூடக் குடுக்கறாங்களாம். எழுதிக் குடுத்தா நான் போயி வாங்கிக்கறன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

சிவராஜ் அவ்வளவு வேடிக்கையாகப் பேசவில்லை. "எங்க பசங்க அந்தப் படத்த வச்சு எங்களையே கிண்டல் பண்றாங்க சார். சூளகிரிக்காரன் எனக்குப் போன் பண்ணி கன்னடத்துல பேசறான். அதச் சரி பண்ணுங்க, இல்லன்னா பேரிகையில ஒரு வீட்டுலயும் உங்க கேபிள் இருக்காது."

தமிழரசன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னார். "அது ஃப்ளெக்ஸ் கடைக்காரன் பண்ண தப்புங்க. அவனக் கூப்பிட்டுக் கேக்கறன். ரெண்டு நாள் டைம் குடுங்க."

சகாயநாதன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த ஒரு நொடியை நினைத்து அவர் பின்னால் ரொம்ப வருத்தப்பட்டார்.

வேன் போன பிறகு, ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடலாம் என்றார் சகாயநாதன்.

"கழட்டினா பின்னாடி சுவரு முழுக்க ஈரம் சார்" என்றார் தமிழரசன். "பழைய கேமரான்னா விட்டுருவன். இதுல அந்தக் கறை ஆசியாக் கண்டம் மாதிரி தெரியும். அப்புறம் சீனாக்காரன் வருவான்."

பிரியதர்ஷினிதான் ஒரு வழி சொன்னாள். லென்ஸை முழுக்கத் திறந்தால் சாரின் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் எல்லாம் மங்கிவிடும். கல்யாண ஆல்பத்தில் அப்படித்தான் செய்வார்கள். அன்று இரவுச் செய்தி அப்படிப் போனது. வரைபடம் மங்கியது உண்மை. ஆனால் தெளிவாகத் தெரியும் இடம் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. சகாயநாதன் ஒவ்வொரு செய்தியையும் முடிக்கும்போது லேசாகப் பின்னால் சாய்வது வழக்கம். சாய்ந்தால் முகம் மங்கி மூக்கு மட்டும் தெளிந்தது. முன்னால் குனிந்தால் மூக்கு மங்கிக் காது இரண்டும் பளிச்சென்று வந்தன. "ஆடாதீங்க சார், ஆடாதீங்க" என்று பிரியதர்ஷினி கேமராவுக்குப் பின்னாலிருந்து சைகை செய்தாள். அவர் மரம் மாதிரி உட்கார்ந்து ஒரு கண்ணீர் அஞ்சலியை வாசித்தார். புதுக் கேமரா அதற்குள் கெட்டுவிட்டதா என்று கேட்டு முப்பது பேர் போன் செய்தார்கள். வேண்டுமென்றே பேரிகையை மறைக்கிறார்கள் என்று சிவராஜ் போன் செய்தார்.

புதன்கிழமை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் செல்வம் வந்தார். பாகலூர் சாலையில் கடை. லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தார். பதின்மூன்று வருடப் பழைய டிசைன் அப்படியே இருந்தது.

"எங்க கோடு? காட்டுங்க. நான் போட்ட கோடு எங்க?"

ஊர்களும் சாலைகளும் இருந்தன, கோடு இல்லை.

"நேத்துல இருந்து பேரிகைக்காரங்க கடைக்கு வந்து என்னையப் பிடிபிடின்னு பிடிக்கறாங்க. கட்சிக்காரங்க ஆர்டர கேன்சல் பண்றாங்க. செல்வம்கிட்டக் குடுத்தா நம்ம தொகுதியையே மாத்திடுவான்னு பேசறாங்க. புது ஃப்ளெக்ஸ் வேணும்னா முதல்ல என் பேரச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் நானும் அடிக்க மாட்டன், ஓசூருல எவனும் அடிக்க மாட்டான். நாங்க எல்லாரும் ஒரே வாட்ஸப் குரூப்பு."

தமிழரசன் சகாயநாதனைப் பார்த்தார். சகாயநாதன் தன் கைகளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஜெபசீலி கேட்கவும் எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி, மார்க்கர், பத்து நிமிடம் எல்லாவற்றையும். எல்லாம் கேட்டு முடித்தபின் ஜெபசீலி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஸ்கேல் வச்சாவது போட்டீங்களா?"

"இல்ல."

கணக்கு டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சகாயநாதனுக்கு முதலில் கோபம் வந்தது.

"சிரிக்காத ஜெபா. ஒரு மனுஷன் பிழைப்பு போவுது என்னால. நாளைக்குப் பங்குசாமிகிட்டப் போயி தப்பச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணலாமான்னு இருக்கு."

"சாமி என்ன பண்ணுவாரு, அருள்நிறை மந்திரம் அம்பது சொல்லச் சொல்லுவாரு. அதுல செல்வத்துக்கு ஆர்டர் வருமா? எங்க தப்பு பண்ணீங்களோ அங்க போயிச் சொல்லுங்க."

"டிவியிலயா?"

"பதிமூணு வருஷமா ஊருல எல்லாருடைய சங்கதியும் வாசிச்சீங்க இல்ல? உங்களுதையும் ஒரு நாளு வாசிங்க."

வியாழக்கிழமை அவர் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தார். உடை மாற்ற நேரமில்லை. யூனிஃபார்ம் சட்டை மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டார். காலில் சேஃப்டி ஷூ. சிவராஜையும் கெம்பம்மாவையும் செல்வத்தையும் வரச்சொல்லியிருந்தார். மூவரும் கேமராவுக்குப் பின்னால் நின்றார்கள். செல்வம் ஒரு சின்ன பாட்டிலில் மை கரைக்கும் தின்னரும் பஞ்சும் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு இன்னும் முகம் சரியில்லை. ஆனாலும் தொழில் என்று வந்தால் சொல்லத்தானே வேண்டும்.

"லேசா ஒத்தி எடுங்க சார். அழுத்தித் தேச்சிடாதீங்க."

"மைக்ரான் கணக்குல வேலை பாக்கறவன்ங்க நானு" என்றார் சகாயநாதன்.

செய்தி தொடங்கியது. தக்காளி, மின்தடை, தேன்கனிக்கோட்டை அருகே யானை. கடைசித் தாளை எடுத்தபோது அவர் மூக்குக் கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துகொண்டார். பிறகு எப்போதும் வாசிக்கும் தொனியிலேயே வாசித்தார்.

"திருத்தம். கடந்த பதின்மூன்று ஆண்டுகளாக இந்தச் செய்தி அறையின் வரைபடத்தில் பேரிகை கர்நாடக மாநிலத்தில் காட்டப்பட்டுவந்தது. இது தவறு. பேரிகை தமிழ்நாட்டில் உள்ளது. இந்தத் தவறுக்கும் ஃப்ளெக்ஸ் கடை செல்வத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கோட்டைப் போட்டவர் பெயர் சகாயநாதன், வயது ஐம்பத்திரண்டு. அவசரத்தில், ஸ்கேல் இல்லாமல், யாருக்கும் தெரியாது என்ற எண்ணத்தில் போட்டதாக அவர் ஒப்புக்கொண்டுள்ளார். பேரிகை மக்களிடமும் செல்வத்திடமும் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்."

செல்வம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் கோட்டை எல்லோர் முன்னாலும் அழிப்பது என்று சகாயநாதன் முடிவு செய்திருந்தார். எழுந்தார். தலையிலிருந்து சேஃப்டி ஷூ வரைக்கும் முழு உருவமாகப் பதின்மூன்று வருடத்தில் முதல்முறையாக அவரை ஊர் பார்த்தது. பிரியதர்ஷினி கேமராவை வரைபடத்தின் பக்கம் திருப்பி நெருக்கமாகக் கொண்டுபோனாள். பஞ்சில் தின்னரை நனைத்தார். ஒத்தினார். பதின்மூன்று வருடச் சிவப்பு அசையவில்லை. இன்னொருமுறை ஒத்தினார். நேரலை, எத்தனை கண்கள் பார்க்கின்றனவோ. அவர் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

கோடு போனது. கோட்டோடு பச்சை நிறம் போனது. பச்சையோடு பேரிகை என்ற பெயரும் கரைந்து, பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடத்தில் உள்ளங்கை அளவு வெள்ளை. அத்தனை வீட்டு டிவியிலும் கதவு சைஸில் வெள்ளை.

"அய்யய்யோ!" என்று சிவராஜ் போட்ட சத்தம் நேரலையில் நன்றாகவே கேட்டது. "இவ்வளவு நேரம் கர்நாடகாவுலயாவது இருந்துச்சு. இப்ப எங்கயுமே இல்லையே சார்!"

போன் அடிக்க ஆரம்பித்தது. சகாயநாதன் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். தமிழரசன் கதவோரத்தில் நின்றிருந்தார். விளம்பரத்துக்குப் போகலாமா என்று பிரியதர்ஷினி அவரைப் பார்த்துக் கையசைத்தாள்; அவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கெம்பம்மா கேமராவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். மேசை மேல் கிடந்த மார்க்கர் ஒன்றை எடுத்தார்.

"எடம் எதுன்னு காட்டு சாமி."

சகாயநாதன் விரலால் காட்டினார். கெம்பம்மா அந்த வெள்ளையில் நிதானமாக, பெரிதாக, ஊர்ப் பெயரை எழுதினார். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனால் எழுதியது கன்னடத்தில்.



"அக்கா, என்னாக்கா இது?" என்று சிவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "கன்னடத்துல எழுதிட்ட!"

"எனக்கு இந்த எழுத்துதான் தெரியும்" என்றார் கெம்பம்மா. "நான் ஏழாவது வரைக்கும் அங்க படிச்சவ. உனக்கு வேணும்னா கீழ நீ எழுதிக்கோ. நீ தமிழ்ல பத்தாவது பாஸ் பண்ணியே."

அவர் மார்க்கரை நீட்டினார். சிவராஜ் வாங்கினார், ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வம் சிரித்தார். பிரியதர்ஷினி சிரித்ததில் கேமரா ஆடியது. சிவராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே தமிழில் 'பேரிகை' என்று எழுதினார். கடைசியில் சகாயநாதனின் தோளிலும் சிரிப்பு வந்து குலுக்கியது. மூன்று நாளாக அடக்கிவைத்தது, நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்து, அனிதா கற்றுக்கொடுத்த பூச்சு கன்னத்தில் இரண்டு கோடாக இறங்கியது. அப்படியே கேமராவைப் பார்த்து, "இத்துடன் செய்திகள் முடிந்தன" என்றார்.

அன்று வந்த போன்களில் பாதி, நாளைக்கும் அந்த அம்மா வருவாரா என்று கேட்டவை. கேபிளை வெட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. செல்வம் மறுநாளே சரியான எல்லையோடு புது வரைபடம் அடித்துக்கொடுத்தார். அச்சடிக்கும் முன்னால் சகாயநாதன் கடைக்குப் போய் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து, லென்ஸ் வைத்து ஒவ்வொரு ஊரையும் சரிபார்த்தார். "சார், விட்டுடுங்க சார்" என்று செல்வம் கெஞ்சும் அளவுக்குச் சரிபார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவரும் ஜெபசீலியும் பேரிகைக்குப் போனார்கள். கெம்பம்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பதின்மூன்று வருடம் பேரிகைத் தக்காளி விலையை வாசித்தவர் அந்த ஊருக்குள் கால்வைத்தது அன்றுதான். சந்தை முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே நாலு பேர் வந்து வழி சொன்னார்கள், கேட்காமலே சொன்னார்கள்.

கெம்பம்மாவின் அக்கா மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஊரை இடம் மாற்றிய மனிதர் எப்படி இருப்பார் என்று பார்ப்பதற்காகவே காத்திருந்தார். தமிழ் பேச வராது. சகாயநாதனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். கெம்பம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னங்க சொல்றாங்க?" என்றார் ஜெபசீலி.

"உங்க வீட்டுக்காரரு அவசரப்பட்டு அழிச்சுட்டாராம். நான் கர்நாடகாவுக்கே திரும்பி வந்துட்டன்னு இவ அங்க எல்லாருக்கும் ஒப்பட்டு, அதான் போளி, செஞ்சு குடுத்துட்டாளாம். இப்ப அவங்கள எந்த மூஞ்சிய வச்சுக்கினு பாக்கறதுன்னு கேக்கறா."

சகாயநாதன் கைகூப்பினார். அக்கா முறைத்துக்கொண்டே அவர் தட்டில் சுடச்சுடக் களி உருண்டை ஒன்றை வைத்துக் கீரைச் சாற்றை ஊற்றினார். போதும் என்று அவர் கையைக் குறுக்கே நீட்டுவதற்குள் இரண்டாவது உருண்டையும் விழுந்தது.